வெறியோட ஆடணும், ஆனா போங்காட்டம் கூடாது: ரெண்டையும் சேத்துப் பண்றது எப்படி

ஸ்போர்ட்ஸ்ல நேர்மையைப் பத்தி யார் பேச ஆரம்பிச்சாலும் கடைசில "ஜெயிக்கிறது முக்கியமில்லப்பா, கலந்துக்கிறதுதான் முக்கியம்"னு கொண்டுபோய் நிறுத்திடுறாங்க. எனக்கு அதுல உடன்பாடே கிடையாது. ஜெயிக்கணும்ங்கிற எண்ணமே இல்லாத ஆளோட ஒரு செட் டென்னிஸ் ஆடிப் பாருங்க, அரை மணி நேரத்துல ரெண்டு பேருக்கும் கொட்டாவி வந்துடும். இன்னொரு பக்கம், ஜெயிக்க எதை வேணா செய்யலாம்னு வர்ற ஆளோட ஆடினா வீட்டுக்கு வந்தப்புறமும் வயிறு எரியும். சரி, ரெண்டுக்கும் நடுவுல கொஞ்சம் விட்டுக்குடுத்து ஆடிட்டா நல்லவன்னு பேர் வாங்கிடலாம்னு சில பேர் கணக்குப் போடுறாங்க, அதுவும் சரிப்பட்டு வராது. முழு வெறியோடயும் முழு நேர்மையோடயும் ஒரே நேரத்துல ஆட முடியும், ஆனா அது தானா வராது, மேட்ச் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே சில விஷயங்களை முடிவு பண்ணி வெச்சிருக்கணும். பிளேயர், கேப்டன், பிள்ளைய கோச்சிங் அனுப்புற அப்பா அம்மா, டோர்னமெண்ட் நடத்துறவங்க, யாரா இருந்தாலும் உங்களுக்கு வேண்டியது கீழ எங்கயாவது இருக்கும்.

எதிர்ல நிக்கிற ஆள் எதுக்கு?

இதைப் புரிஞ்சுக்கலேன்னா மிச்சது எதுவும் உதவாது. நார்மன் டிரிப்லெட்னு ஒரு உளவியல் ஆய்வாளர் 1898-ல சைக்கிள் ரேஸ் ரெக்கார்டுகளை எடுத்து வெச்சு ஒப்பிட்டுப் பார்த்தாரு, தனியா கடிகாரத்தை எதிர்த்து ஓட்டுறவங்களை விட பக்கத்துல ஆள் இருக்கும்போது ஓட்டுறவங்க வேகமா இருந்தாங்க. விளையாடுற எல்லாருக்கும் இது உடம்புலயே தெரியும்.

ஒரு மைல் ஓட்டத்தையே எடுத்துக்கோங்க. 4 நிமிஷத்துக்குள்ள ஓடவே முடியாதுன்னு பேச்சு இருந்த காலம், ஆஸ்திரேலியாவோட ஜான் லேண்டி 4:02 பக்கத்துல திரும்பத் திரும்ப முட்டிட்டு நின்னாரு. 1954 மே 6-ம் தேதி இங்கிலாந்தோட ரோஜர் பேனிஸ்டர் 3:59.4-ல முடிச்சாரு, அவருக்கு முன்னாடி ஓடி வேகம் குடுத்த ரெண்டு பேர்ல ஒருத்தர் கிறிஸ் சாட்டவே. அடுத்து 46-வது நாள் ஃபின்லாந்துல லேண்டி 3:57.9 ஓடி அந்த ரெக்கார்டை உடைச்சாரு, அந்த ரேஸ்ல அவரை விரட்டிட்டே ஓடினது யாருன்னு பார்த்தா அதே சாட்டவே! ஆகஸ்ட்ல வான்கூவர்ல ரெண்டு பேரும் நேருக்கு நேர் மோதினப்போ பேனிஸ்டர் 3:58.8, லேண்டி 3:59.6, ஒரே ரேஸ்ல ரெண்டு பேரு 4 நிமிஷத்துக்குக் கீழ. யாரும் யாருக்கும் ஒரு இன்ச் விட்டுக்குடுக்கல, அதனாலதான் ரெண்டு பேருக்கும் அந்த டைம் கிடைச்சுது.

ஆக எதிராளிய எதிரியா பாக்காதீங்கன்னு சும்மா அட்வைஸா சொல்லல, உங்க ஆட்டத்துல பாதியை வெளிய கொண்டு வர்றதே அந்த ஆள்தான், அவர் நல்லா ஆடணும்னு நினைக்கிறது உங்க சுயநலத்துக்கே நல்லது. நல்ல பிளேயர் காயம்பட்டு வரலைன்னா மனசுக்குள்ள சந்தோஷமா இருக்கா, வருத்தமா இருக்கா? முதல் நொடில சந்தோஷம் வரும், மனுஷங்கதானே, ஆனா மேட்ச் முடிஞ்சப்புறமும் அந்த சந்தோஷம் அப்படியே இருந்துச்சுன்னா உங்களுக்கு வேண்டியது கோப்பைதான், ஆட்டம் இல்ல.

முழுசா ஆடாம இருக்கிறதும் போங்காட்டம்தான்

2012 லண்டன் ஒலிம்பிக்ஸ்ல பேட்மின்டன் பெண்கள் இரட்டையர் பிரிவுல நாலு ஜோடிகளை ஒரேயடியா தகுதி நீக்கம் பண்ணாங்க, சீனா ஒண்ணு, தென் கொரியா ரெண்டு, இந்தோனேசியா ஒண்ணு. ஊக்க மருந்து கிடையாது, சண்டை கிடையாது, ரெண்டு பக்கமும் தோக்கப் பார்த்தாங்க, அதான் குத்தம். குரூப்ல தோத்தா அடுத்த சுற்றுல சுலபமான எதிராளி கிடைப்பாங்கன்னு கணக்குப் போட்டு சர்வீஸை வேணும்னே நெட்ல அடிச்சாங்க, சீனா-கொரியா மேட்ச்ல ஒரு ராலி கூட நாலு அடிக்கு மேல போகல. டிக்கெட் வாங்கி வந்த கூட்டம் கத்தித் தீர்த்துடுச்சு.

நம்ம லெவல்ல இது வேற மாதிரி வரும். தோக்கப் போறோம்னு தெரிஞ்சதும் "சும்மா ஜாலிக்குத்தான் ஆடுறேன்"னு கையைத் தளர விடுறது. தோல்விக்கு முன்கூட்டியே ஒரு சாக்கு ரெடி பண்ணிக்கிறதுதான் அது, எதிராளி நியாயமா சம்பாதிச்ச ஜெயிப்பையும் சேத்து மொக்கையாக்கிடுறீங்க. 0-5 பின்னாடி இருந்தாலும் ஓட வேண்டிய பந்துக்கு ஓடுங்க.

உங்களை விட ரொம்ப வீக்கான ஆளு எதிர்ல இருந்தா? அங்கதான் நிறைய பேர் சொதப்புறாங்க. பந்தை வேணும்னே வெளிய அடிச்சு பாயிண்ட் தானம் பண்றது அவருக்கு உடனே தெரிஞ்சிடும், அது மரியாதை கிடையாது, அவமானம். அதுக்குப் பதிலா உங்களுக்கு நீங்களே கண்டிஷன் போட்டுக்கோங்க, இன்னைக்கு எல்லாமே பேக்ஹேண்ட் பக்கம் எடுக்கிறேன், இடது காலால மட்டும் பாஸ் பண்றேன், பெஞ்ச்ல இருக்கிற பசங்களை இறக்குறேன்னு வெச்சுக்கிட்டு அந்தக் கண்டிஷனுக்குள்ள முழு மூச்சா ஆடுங்க. ஒரே ஒரு விஷயம், அதை வெளிய சொல்லிக்காதீங்க. சொன்னீங்கன்னா எல்லாம் போச்சு.

ரூல், வழக்கம், உங்க சொந்தக் கோடு

மேட்ச்ல வர்ற சண்டைல பாதி இந்த மூணையும் ஒண்ணா போட்டுக் குழப்பிக்கிறதாலதான் வருது. அதனால சீசன் ஆரம்பிக்கும்போதே உக்காந்து பிரிச்சுடுங்க. ரூல் புக்ல எழுதியிருக்கிறது ஒரு பக்கம், எழுதாம எல்லாரும் கடைப்பிடிக்கிறது இன்னொரு பக்கம், யார் என்ன சொன்னாலும் நான் பண்ண மாட்டேன்னு நீங்க வெச்சிருக்கிறது மூணாவது.

ரூல் அனுமதிச்சா பண்ணலாமான்னு கேட்டா 1981 பிப்ரவரி 1-ம் தேதி மெல்போர்ன் கிரிக்கெட் மேட்ச்ல நடந்ததைத்தான் எல்லாரும் சொல்லுவாங்க. கடைசிப் பந்து, நியூசிலாந்து டை பண்ணவே ஒரு சிக்ஸர் வேணும், ஆஸ்திரேலியா கேப்டன் கிரெக் சேப்பல் தன் தம்பி டிரெவரைக் கூப்பிட்டு பந்தை தரையோட உருட்டி விடச் சொன்னாரு. அன்னைக்கு இருந்த ரூல்ல அதுக்கு இடம் இருந்துச்சு. மேட்ச் ஜெயிச்சாங்க, ஆனா அத்தனை வருஷம் கழிச்சும் அந்த ஒரு பந்தைத்தான் பேசுறாங்க. என் கணக்குல அதுல இருக்கிற தப்பு, பேட்ஸ்மேனுக்கு ஆடவே வாய்ப்பு குடுக்காததுதான். போட்டில கஷ்டம் குடுக்கலாம், எவ்ளோ வேணா குடுக்கலாம், போட்டியையே இல்லாம ஆக்கிடக் கூடாது.

அதுக்காக வழக்கம்னு சொல்லப்படுறது எல்லாம் புனிதமும் கிடையாது. பந்து போடுறதுக்கு முன்னாடியே நான்-ஸ்ட்ரைக்கர் கிரீஸை விட்டு ஓடினா பவுலர் ரன் அவுட் பண்றது, 1947-ல சிட்னில இந்தியாவோட வினூ மன்கட் ஆஸ்திரேலியாவோட பில் பிரவுனை அப்படி அவுட் பண்ணதுலேர்ந்து பவுலரைத்தான் திட்டிட்டு வந்தாங்க, அவர் பேரையே வசைச்சொல் மாதிரி ஆக்கி வெச்சிருந்தாங்க. எதிர் டீம் கேப்டனா இருந்த பிராட்மனே அதுல தப்பில்லன்னு எழுதினாரு. கடைசில 2022 அக்டோபர்லேர்ந்து, கிரிக்கெட் விதிகளை எழுதுற எம்சிசி கிளப் அதை நியாயமற்ற ஆட்டம்ங்கிற விதிலேர்ந்து எடுத்து சாதாரண ரன் அவுட் விதில வெச்சிடுச்சு. முன்னாடியே ஓடித் திருடுறவன் பாவம், பிடிக்கிறவன் கெட்டவன்னு இருந்த வழக்கம் அது, போனதே நல்லது.

இதை விட சிக்கலானது ஒண்ணு இருக்கு, இதுல ஃப்ரெண்ட்ஸோட சண்டை போடாத ஆளே இருக்க முடியாது. 1986 உலகக் கோப்பைல மரடோனா இங்கிலாந்துக்கு எதிரா கையால தட்டிப் போட்ட கோல், 2010-ல கானாவுக்கு எதிரா கடைசி நிமிஷத்துல கோல் லைன்ல நின்னு உருகுவேயோட சுவாரெஸ் கையால தடுத்தது. ரெண்டும் கைதானே, ஒண்ணுதானேன்னு கேட்பாங்க. ஒண்ணு இல்லைங்க. சுவாரெஸ் எல்லார் கண்ணுக்கும் தெரியத் தடுத்தாரு, ரெட் கார்டு வாங்கிட்டு வெளிய போனாரு, கானாவுக்கு பெனால்டி கிடைச்சுது, ஜியான் அதை கிராஸ்பார்ல அடிச்சாரு, அப்புறம் ஷூட் அவுட்ல உருகுவே ஜெயிச்சுது. ரூல்ல அந்தத் தப்புக்கு எழுதின விலை முழுசையும் கட்டினாரு, விலை பத்தலேன்னா அது ரூல் எழுதினவங்க பிரச்சனை. மரடோனா விலையே கட்டல, ரெஃபரிய நம்ப வெச்சு கோலை வாங்கிட்டுப் போயிட்டாரு. (அதே மேட்ச்ல நாலு நிமிஷம் கழிச்சு பாதி கிரவுண்டு தாண்டி அஞ்சாறு பேரை ஏமாத்திட்டு அவர் போட்ட கோலைப் பாத்தா அந்தக் கை எதுக்குத் தேவைப்பட்டுச்சுன்னே புரியாது.) எனக்கு சுவாரெஸ் பண்ணது பிடிக்கல, ஆனா ஏமாத்துன்னு சொல்ல மாட்டேன்.

இதுலேர்ந்து உங்களுக்கு ஒரு டெஸ்ட் எடுத்துக்கலாம். ஒரு விஷயத்தைப் பண்றதுக்கு முன்னாடி, மேட்ச் முடிஞ்சப்புறம் எதிர் டீம் முகத்துக்கு நேரா "ஆமா, நான் இதைத்தான் பண்ணேன், இதுக்காகத்தான் பண்ணேன்"னு சொல்ல முடியுமான்னு கேளுங்க. டைம் ஓட்டுறது, பீல்டுல நெருக்கி நின்னு பிரஷர் குடுக்கிறது, அவர் பேக்ஹேண்ட் வீக்குன்னு அங்கயே போட்டுத் தாக்குறது, எல்லாம் நேரா சொல்லலாம், ஒண்ணும் பிரச்சனை இல்ல. மேல படாமலே விழுந்து புரண்டு பெனால்டி வாங்கினது, பந்தைச் சொரண்டினது, ஊசி போட்டுக்கிட்டு ஓடினது, இதெல்லாம் சொல்ல வாய் வராது. 1988 சியோல்ல 9.79-ல 100 மீட்டர் ஓடின பென் ஜான்சன்லேர்ந்து ஏழு டூர் டி பிரான்ஸ் சைக்கிள் ரேஸ் பட்டத்தையும் இழந்த ஆர்ம்ஸ்ட்ராங் வரைக்கும் எல்லாத்துலயும் பொதுவா இருந்தது மறைக்க வேண்டியிருந்ததுதான்.

எதிராளி தப்பு பண்ணா எடுத்துக்கலாமா?

ஆட்டத்துக்குள்ள பண்ற தப்புன்னா தாராளமா எடுத்துக்கோங்க. டபுள் ஃபால்ட் போடுறாரு, கேட்ச் விடுறாரு, மூச்சு வாங்கி நிக்கிறாரு, அதெல்லாம் உங்களுக்கு வர வேண்டியதுதான், வெக்கப்பட ஒண்ணுமில்ல. ஆட்டத்துக்கு வெளில நடக்கிற விபத்துன்னா கை வைக்காதீங்க. 1964 இன்ஸ்ப்ரூக் குளிர்கால ஒலிம்பிக்ஸ்ல ரெண்டு பேர் ஓட்டுற பாப்ஸ்லெட் (பனிப்பாதைல சறுக்கிட்டுப் போற வண்டி) போட்டில பிரிட்டன்காரங்க வண்டில ஒரு போல்ட் உடைஞ்சு போச்சு, எதிர்ல போட்டி போட்டுட்டு இருந்த இத்தாலிக்காரர் யூஜெனியோ மோன்டி தன் வண்டிலேர்ந்து கழட்டிக் குடுத்தாரு. பிரிட்டன் தங்கம் வாங்குச்சு, இவருக்கு வெண்கலம். அடுத்த ஒலிம்பிக்ஸ்ல ரெண்டு தங்கம் அவரே ஜெயிச்சாரு, அது தனிக் கதை.

மேல சொன்ன லேண்டியும் அப்படி ஒண்ணு பண்ணிருக்காரு. 1956 ஆஸ்திரேலிய சாம்பியன்ஷிப் மைல் ஓட்டத்துல முன்னாடி ஓடிட்டிருந்த ரான் கிளார்க் தடுமாறி விழ, லேண்டி அவரைத் தாண்டிக் குதிச்சப்போ ஷூ முள்ளு கிளார்க் கைல பட்டிருச்சு, ஓட்டத்தை நிறுத்தித் திரும்பி வந்து கிளார்க் நல்லாருக்காரான்னு பாத்துட்டு, மறுபடி ஓடி, எல்லாரையும் பிடிச்சு, ரேஸையும் ஜெயிச்சாரு. இரக்கம் காட்டினப்புறம் ஆட்டத்தை விட்டுடணும்னு எந்தச் சட்டமும் இல்ல பாருங்க.

ரெண்டுக்கும் நடுவுல மாட்டிக்கிற கேஸும் உண்டு. 2012 டிசம்பர்ல ஸ்பெயின்ல ஒரு கிராஸ் கன்ட்ரி ரேஸ்ல முதல்ல வந்துட்டிருந்த கென்யா வீரர் ஏபெல் முட்டாய் ஃபினிஷ் லைன் தாண்டிட்டோம்னு நினைச்சு முன்னாடியே நின்னுட்டாரு, பின்னாடி வந்த இவான் ஃபெர்னாண்டஸ் அனாயா அவரைத் தாண்டாம, சைகை காட்டி முன்னாடி போகச் சொல்லி ரெண்டாவதாவே முடிச்சாரு. உலகமே பாராட்டுச்சு, ஆனா அவரோட கோச்சே "நானா இருந்தா அப்படிப் பண்ணிருக்க மாட்டேன்"னு சொன்னாரு. லைன் எங்க இருக்குன்னு தெரிஞ்சு ஓடுறதும் ஓட்டத்துல ஒரு பகுதிதானேங்கிற வாதத்துல நியாயம் இருக்கு. அனாயா பண்ணதை நான் ரசிக்கிறேன், ஆனா தாண்டிப் போயிருந்தா தப்புன்னு சொல்லவும் எனக்கு வாய் வராது. இந்த மாதிரி இடத்துல ஒருத்தர் விட்டுக்குடுத்தா பாராட்டுங்க, குடுக்கலேன்னா திட்டாதீங்க.

அம்பயர் இல்லாத மேட்ச்ல

நம்ம ஆடுற முக்கால்வாசி மேட்ச் இப்படித்தான். டென்னிஸ்ல இதுக்கு நல்ல முறை இருக்கு, மத்த ஆட்டத்துக்கும் எடுத்துக்கலாம். உங்க பக்கம் விழுற பந்துக்கு நீங்கதான் சொல்லணும், சந்தேகம்னா அது இன், அவுட்னா உடனே சத்தமா சொல்லணும், வேடிக்கை பாக்கிறவங்களைக் கேட்கக் கூடாது.

எழுதிப் பாத்தா சுலபமா இருக்கு, ஆனா 4-5, 30-40, பந்து உங்க பேஸ்லைன் கிட்ட வேகமா வந்து விழுது, நீங்க பின்னாடி ஓடிட்டிருக்கீங்க, தலை ஆடுது, கண்ணு பந்தைப் பிடிக்கிறதுக்குள்ள அது எம்பிடுச்சு. அந்த இடத்துல உங்க மண்டை உங்களுக்குச் சாதகமான படத்தைத்தான் காட்டும், அதுவும் ரொம்பத் தெளிவா காட்டும், சத்தியமா அவுட்னு தோணும். பொய் சொல்லணும்னு யாரும் நினைக்கிறதில்ல, ஆசை கண்ணுக்குள்ள புகுந்துடுது, அவ்ளோதான். அதனால கோட்டுக்கும் பந்துக்கும் நடுவுல இடைவெளியைப் பாத்தேனான்னு மட்டும் கேட்டுக்கோங்க. இடைவெளி தெரிஞ்சா அவுட், "அவுட் மாதிரி இருந்துச்சு"ன்னா இன். கை தூக்குறதுக்கு ஒரு நொடி யோசிச்சீங்கன்னாலே அது இன்தான். இந்த ஒரு பழக்கத்துக்காகவே உங்ககூட ஆட ஆளுங்க வரிசைல நிப்பாங்க.

உங்களுக்கு மட்டுமே தெரிஞ்ச தப்புகள், பேட்ல லேசா பட்டது, நெட்டைத் தொட்டது, கபடில விரல் உரசினது, இதெல்லாம் சொல்லணுமா? அம்பயர் இல்லேன்னா கண்டிப்பா சொல்லணும். 1925 யுஎஸ் ஓப்பன் கோல்ஃப்ல பாபி ஜோன்ஸ் புல்லுக்குள்ள இருந்த பந்து லேசா நகர்ந்ததுன்னு தானே சொல்லி ஒரு ஸ்ட்ரோக் பெனால்டி எடுத்துக்கிட்டாரு, வேற யாரும் பாக்கல, கடைசில சமன்ல முடிஞ்சு பிளே ஆஃப்ல தோத்தாரு. அம்பயர் இருக்கிற மேட்ச்ல எனக்கு அவ்ளோ கண்டிப்பு கிடையாது. அங்க தீர்ப்பு சொல்ல ஆள் இருக்காரு, எட்ஜ் எடுத்துட்டு நிக்கிற பேட்ஸ்மேனை நான் திட்ட மாட்டேன், ஆனா நின்னுட்டு அடுத்த ஓவர்ல அதே அம்பயர் தப்பா குடுத்துட்டாருன்னு குதிச்சா மட்டும் சிரிப்பு வரும்.

கேப்டனுக்கு

டிரெஸ்ஸிங் ரூம்லயே நிறுத்தாதது எதுவும் கிரவுண்டுல நிக்காது. 2018-ல கேப் டவுன்ல பந்தை உப்புத்தாளால தேச்சதுல கைல வெச்சு மாட்டினது ஆஸ்திரேலியா டீம்ல புதுசா இருந்த பேன்கிராஃப்ட், அவருக்கு 9 மாசம் தடை, கேப்டன் ஸ்மித்துக்கும் துணைக் கேப்டன் வார்னருக்கும் 12 மாசம். புதுப் பையன் சீனியர் சொன்னா முடியாதுன்னு சொல்ல மாட்டான், அதனால முடியாதுன்னு சொல்ல வேண்டியது கேப்டன்தான்.

மேட்ச்சுக்கு முன்னாடி பசங்களோட பேசி முடிவு பண்ணுங்க: சந்தேகமான கேட்ச்சுக்கு அப்பீல் பண்ணுவோமா, நான்-ஸ்ட்ரைக்கரை அவுட் பண்ணுவோமா, எதிராளி அடிபட்டுக் கிடந்தா பந்தை வெளிய தட்டுவோமா, வாய்ச்சண்டை எதுவரைக்கும். பத்து நிமிஷ வேலை. கொந்தளிப்புல தப்பா எடுத்த முடிவை மாத்துறதுக்கும் கூச்சப்படாதீங்க, 2011 நாட்டிங்ஹாம்ல டீ பிரேக்னு நினைச்சு நடந்துட்டிருந்த இங்கிலாந்தோட இயன் பெல் 137-ல ரன் அவுட், விதிப்படி அவுட்தான், ஆனா பிரேக்ல தோனி அப்பீலை வாபஸ் வாங்கினாரு. பெல் திரும்ப வந்து 159 வரைக்கும் அடிச்சாரு, இந்தியா அந்த மேட்ச் தோத்துச்சு. அதுக்காக முடிவு தப்பாயிடாது.

அப்பா அம்மாவுக்கு

சுருக்கமா சொல்றேன். நார்வேல குழந்தைங்க விளையாட்டுக்குன்னு தனி விதி இருக்கு, 11 வயசு ஆகுற வரைக்கும் ரிசல்ட் லிஸ்ட், ரேங்கிங் எதுவும் போட மாட்டாங்க. போட்டி மனப்பான்மை செத்துடும்னு பயப்படுறவங்க 2018, 2022 குளிர்கால ஒலிம்பிக்ஸ் பதக்கப் பட்டியல்ல முதல்ல எந்த நாடு இருந்துச்சுன்னு பாத்துக்கோங்க. அதனாலதான் ஜெயிச்சாங்கன்னு சொல்ல வரல, அதனால கெட்டுப்போகலேன்னு சொல்றேன்.

மேட்ச் முடிஞ்சு வர்ற பிள்ளைகிட்ட முதல் கேள்வியா ஸ்கோர் கேட்காதீங்க, "எதிர்ல ஆடினவங்கள்ல யாரு சூப்பரா ஆடினாங்க"ன்னு கேளுங்க. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லணும்னா பிள்ளை எதிராளியப் பாத்திருக்கணும். அம்பயரைத் திட்டுறதை வண்டில வர்றப்போ கூட பண்ணாதீங்க, பின் சீட்டுல ஒரு ஜோடிக் காது எல்லாத்தையும் பதிவு பண்ணிட்டிருக்கு.

தோத்த உடனே என்ன பண்றது

கை குடுங்க, கண்ணைப் பாத்துக் குடுங்க. அன்னைக்கு முழுக்க காரணம் சொல்லாதீங்க, முட்டி வலி நிஜமாவே இருந்தாலும் சரி, நாளைக்குச் சொல்லிக்கலாம். அப்புறம் முடிஞ்சா எதிராளிகிட்டயே "எந்த ஷாட் எனக்கு வராதுன்னு கண்டுபிடிச்சீங்க"ன்னு கேளுங்க, பெரும்பாலும் சொல்லிடுவாங்க, காசு குடுத்து வாங்குற கோச்சிங்ல கூட அவ்ளோ துல்லியமா கிடைக்காது. ஜெயிச்சவங்களுக்கும் ஒண்ணு, "நீங்க நல்லா ஆடினீங்க"ன்னு பொதுவா சொல்லாதீங்க, எந்தப் பாயிண்ட்ல உங்களுக்குப் பயம் வந்துச்சுன்னு சொல்லுங்க, அதுதான் நிஜப் பாராட்டு.

டோர்னமெண்ட் நடத்துறவங்களுக்கு

போங்காட்டத்துக்கு பிளேயரை மட்டும் குத்தம் சொல்லிப் பிரயோஜனம் இல்ல, ஃபார்மேட்ல ஓட்டை இருந்தா யாராவது அது வழியாப் போவாங்க. 1982 உலகக் கோப்பைல மேற்கு ஜெர்மனி-ஆஸ்திரியா மேட்ச்ல ஜெர்மனி 1-0னு ஜெயிச்சா ரெண்டு பேருமே அடுத்த சுற்று, அல்ஜீரியா வெளிய. அல்ஜீரியா மேட்ச் முந்தின நாளே முடிஞ்சிருந்ததால இவங்களுக்குக் கணக்கு தெரியும், 10-வது நிமிஷத்துல ஜெர்மனி கோல் போட்டதும் அப்புறம் பந்தைச் சும்மா தட்டிட்டே நேரத்தைப் போக்கினாங்க. 1986-லேர்ந்து குரூப்போட கடைசி மேட்ச்சுகளை ஒரே நேரத்துல வெச்சாங்க, ஃபிஃபா நேர்மையைப் பத்தி எவ்ளோ பேசியிருந்தாலும் அந்த டைம்டேபிள் மாத்தம் பண்ண வேலையை அது பண்ணிருக்காது. உங்க ஃபிக்ஸரை வெளியிடுறதுக்கு முன்னாடி ஒரு பேப்பர்ல போட்டுப் பாருங்க, எந்த டீமுக்காவது தோக்கிறது லாபமா வர்ற நிலைமை இருக்கான்னு. இருந்தா மாத்துங்க.

நேர்மைக்குப் பரிசு குடுக்கணும்னா கடைசி இடம் வந்த டீமுக்கு ஆறுதலா குடுக்கிற வேலை வேணாம், அதைப் பாத்தா நேர்மைன்னாலே தோக்கிறவங்க சமாச்சாரம்னு ஆயிடும். அல்டிமேட் ஃப்ரிஸ்பீல (பிளாஸ்டிக் தட்டை எறிஞ்சு பிடிச்சு ஆடுற டீம் ஆட்டம்) உலக சாம்பியன்ஷிப்லயே ரெஃபரி கிடையாது, ஃபவுலை பிளேயர்களே சொல்லிக்கணும், ஒவ்வொரு மேட்ச் முடிஞ்சதும் எதிர் டீமுக்கு மார்க் போடணும். ரூல் தெரிஞ்சு ஆடினாங்களா, உடம்புல மோதாம ஆடினாங்களா, நியாயமா நடந்துக்கிட்டாங்களா, மனசைக் கட்டுப்பாட்டுல வெச்சிருந்தாங்களா, ஒழுங்காப் பேசினாங்களான்னு அஞ்சு தலைப்பு, ஒவ்வொண்ணுக்கும் 0-லேர்ந்து 4, சாதாரணமா நல்லா நடந்துக்கிட்டா 2. இதை அப்படியே எந்த ஆட்டத்துக்கும் எடுத்துக்கலாம், ஷீட்டை மட்டும் கேப்டன் ஒருத்தர் அவசரத்துல கிறுக்கிக் குடுக்க விடாதீங்க, டீம் மொத்தமும் அஞ்சு நிமிஷம் உக்காந்து பேசிப் போடணும், 2-க்குக் கீழ போட்டா ஏன்னு ஒரு வரி எழுதணும்.